ஒரே சர்வரில் ஏழு விஎம்: யாருக்கு எவ்வளவு ரேம்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னறையில் ஒரே ஒரு சர்வர், அதில் 64 ஜிபி ரேம். அதன்மேல் ஏழு மெய்நிகர் கணினிகள், அதாவது விஎம்கள், ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கொடுத்திருக்கும் ரேமைக் கூட்டினால் 68 ஜிபி வருகிறது. இருப்பதற்கு மேல் 4 ஜிபி கொடுத்தாகிவிட்டது, ஆனாலும் மாதம் முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. சம்பளக் கணக்குப் போடும் இரண்டு நாள் மட்டும் எல்லாமே இழுஇழுவென்று இழுக்கிறது.

இல்லாத ரேமை எப்படிக் கொடுக்க முடிந்தது? அந்த இரண்டு நாளில் மட்டும் ஏன் குட்டு வெளிப்படுகிறது? இதற்கு விடை தெரிந்தால், விஎம் ஒன்றுக்கு எத்தனை ஜிபி என்று போடுவது குருட்டாம்போக்காக இருக்காது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உண்மையான இரும்புப் பெட்டி ஹோஸ்ட். அதன்மேல் ஓடும் விஎம் ஒவ்வொன்றும் கெஸ்ட். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பங்கு பிரிக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர். விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்-வி, லினக்ஸின் கேவிஎம் ஆகியவை பரவலாகப் புழங்குபவை. ப்ராக்ஸ்மாக்ஸ் என்பது கேவிஎம்மை உலாவியிலிருந்தே கையாள வசதி செய்து தரும் தொகுப்பு. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி உரிமக் கட்டண முறையை மாற்றியதிலிருந்து சிறிய அலுவலகங்கள் பல ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் திரும்பிவிட்டன. அதனால் கீழே வரும் கணக்கும் அதை வைத்தே.

சிபியூ போல அல்ல ரேம்

சிபியூவைப் பங்கு போடுவது சுலபம். ஒரு விஎம்மை மில்லிவினாடிக் கணக்கில் நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓடவிடலாம். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ரேமில் அது நடக்காது. ஒரு விஎம் எழுதிவைத்த தரவு, அது ஓடினாலும் ஓடாவிட்டாலும், அங்கேயே இருந்தாக வேண்டும். அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பதை எங்காவது பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். அந்த ‘எங்காவது’ பெரும்பாலும் டிஸ்க். ரேமை எட்டச் சுமார் 100 நானோவினாடி ஆகும். நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டிக்கே ஏறக்குறைய 100 மைக்ரோவினாடி, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் 10 மில்லிவினாடி, லட்சம் மடங்கு. அதனால்தான் சிபியூ தட்டுப்பாட்டில் சர்வர் மெதுவாகிறது, ரேம் தட்டுப்பாட்டில் உறைந்தே போகிறது.

எழுதிக் கொடுத்த எண் ஒரு வாக்குறுதி

விஎம் அமைப்பில் 16 ஜிபி என்று போட்டால், ஹோஸ்ட் அந்த நிமிடமே 16 ஜிபியை வெட்டி எடுத்து வைப்பதில்லை. ‘உனக்கு 16 வரை உண்டு’ என்று வாக்குக் கொடுக்கிறது. ரேம் 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. கெஸ்ட் ஒரு பக்கத்தை முதன்முதலாகத் தொடும்போதுதான் ஹோஸ்ட் உண்மையான ரேமிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து அதற்கு ஒட்டவைக்கும். எந்த கெஸ்ட் பக்கம் எந்த உண்மைப் பக்கத்தில் இருக்கிறது என்ற அட்டவணையைச் சிபியூவே நேரடியாகப் படிக்கும். இன்டெல்லில் இதற்கு இபிடி என்று பெயர், ஏஎம்டியில் என்பிடி.

கல்யாண மண்டபத்தில் 600 பேருக்கு அழைப்பு வைத்துவிட்டு, பந்தியில் 250 நாற்காலி போடுகிறோமே, அதே துணிச்சல்தான் இது. எல்லோரும் ஒரே நேரத்தில் இலை முன் உட்கார மாட்டார்கள் என்ற நம்பிக்கை. இப்படிக் கையிருப்புக்கு மேல் வாக்குக் கொடுப்பதை ஓவர்கமிட் என்பார்கள். அது தவறில்லை. எவ்வளவு ஓவர்கமிட் செய்திருக்கிறோம் என்று தெரியாமல் இருப்பதுதான் தவறு.

புதியவர்களைக் குழப்புவது இதற்கு அடுத்த விஷயம். கெஸ்டுக்குள் ஒரு புரோகிராமை மூடினால் அந்த ரேம் காலியாகிவிட்டது என்று கெஸ்ட் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. அந்தப் பதிவேடு ஹோஸ்டின் கண்ணில் படாது. ஹோஸ்டைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் இன்னும் அந்த விஎம்முடையதுதான். போதாக்குறைக்கு லினக்ஸும் விண்டோஸும் சும்மா கிடக்கும் ரேமையெல்லாம், மறுபடி தேவைப்படலாம் என்று கோப்புகளின் பிரதிகளால், அதாவது கோப்புக் கேஷாக, நிரப்பிக்கொள்ளும். எனவே ஒரு விஎம் என்றோ ஒரு நாள் 16 ஜிபியைத் தொட்டிருந்தால், இன்று 3 ஜிபிதான் தேவை என்றாலும் ஹோஸ்டில் 16 என்றே காட்டும். வாக்கு மெல்ல மெல்லக் கடனாகிவிடுகிறது. விண்டோஸ் கெஸ்ட் இன்னும் மோசம், பூட் ஆகும்போதே ரேம் முழுவதையும் பூஜ்ஜியம் எழுதித் துடைக்கிறது. அதாவது முதல் நிமிடத்திலேயே எல்லாப் பக்கத்தையும் தொட்டுவிடுகிறது. லினக்ஸ் 5.7 பதிப்பிலிருந்து காலிப் பக்கங்களைத் தானாகவே ஹோஸ்டிடம் சொல்லும் வசதி வந்திருக்கிறது. ஆனால் ஹைப்பர்வைசர் அதை இயக்கியிருந்தால்தான் பயன்.

கொடுத்ததைத் திரும்ப வாங்கும் நான்கு வழிகள்

ஹோஸ்டில் ரேம் குறைய ஆரம்பித்தால் ஹைப்பர்வைசர் கையில் சில கருவிகள் உண்டு. நோகாதது முதல் உயிர்போவது வரை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, ஒரே மாதிரிப் பக்கங்களை ஒன்றாக்குவது. மூன்று விஎம்மில் ஒரே விண்டோஸ் ஓடினால் பல பக்கங்களில் அச்சு அசலாக ஒரே தரவு இருக்கும். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். யாராவது அதில் எழுத வந்தால் அப்போது தனிப் பிரதி எடுத்துக் கொடுக்கும். லினக்ஸில் இது கேஎஸ்எம் என்ற பெயரில் 2009-இல் வந்தது. கேட்க அருமையாக இருக்கும், ஆனால் இரண்டு சிக்கல். பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்க்கச் சிபியூ செலவாகும். தவிர, ஒரு பக்கத்தில் எழுத எவ்வளவு நேரமாகிறது என்பதை அளந்தே, பக்கத்து விஎம்மில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க வழியிருக்கிறது. இதனால்தான் விஎம்வேர் விஎம்களுக்கிடையேயான பகிர்வை 2014 கடைசியில் இயல்பாகவே அணைத்து வைத்தது. உங்கள் அலுவலக விஎம்கள் மட்டும் ஓடும் சர்வர் என்றால் கேஎஸ்எம் இருந்துவிட்டுப் போகட்டும். வெளி வாடிக்கையாளர்களின் விஎம்களும் அதே பெட்டியில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, பலூன். புத்திசாலித்தனமான ஏற்பாடு. விஎம்வேரின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-இல் விவரித்த முறை, இன்று எல்லா இடத்திலும் வேறு வேறு பெயரில் இருக்கிறது. கெஸ்டுக்குள் ஒரு சிறிய டிரைவர் உட்கார்ந்திருக்கும். ஹோஸ்ட் கேட்டதும் அந்த டிரைவர், தனக்கே ரேம் தேவைப்படுவது போல, கெஸ்டின் இயங்குதளத்திடம் வாங்கி வாங்கி ஊதிப் பெருக்கும். இயங்குதளம் தன்னிடம் இருப்பதில் வேண்டாததை, பழைய கேஷ் போன்றவற்றை, விட்டுக்கொடுக்கும். டிரைவர் வாங்கிய பக்கங்களை ஹோஸ்ட் எடுத்துக்கொண்டு வேறு விஎம்முக்குக் கொடுக்கும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது கெஸ்டுக்குத்தான் தெரியும். அந்த முடிவை அதனிடமே விடுவதில்தான் பலூனின் நயம் இருக்கிறது.

பலூன் ஊதியிருக்கிறதா என்று உள்ளேயிருந்தே கண்டுபிடிக்கலாம். ப்ராக்ஸ்மாக்ஸில் லினக்ஸ் கெஸ்ட் என்றால் ‘ஃப்ரீ’ கட்டளையில் மொத்த ரேமே குறைந்து காட்டும். 12 ஜிபி கொடுத்த எந்திரத்தில் 9 என்று இருந்தால் மீதி பலூனுக்குள் போயிருக்கிறது. விண்டோஸில் அப்படித் தெரியாது. மொத்தம் மாறாது, பயன்பாடு மட்டும் 90 சதவீதத்துக்கு ஏறியிருக்கும், ஆனால் டாஸ்க் மேனேஜரில் உள்ள புரோகிராம்களைக் கூட்டினால் பாதிகூட வராது. ‘ரேமை யார் தின்றது’ என்று வைரஸ் தேடி நேரத்தை வீணாக்கும் முன் ராம்மேப் என்ற இலவசக் கருவியைத் திறந்து ‘டிரைவர் லாக்ட்’ வரியைப் பாருங்கள். காணாமல் போனது அங்கே இருக்கும்.

மூன்றாவது, சுருக்கி வைப்பது. இஎஸ்எக்ஸ்ஐ 4 கேபி பக்கத்தை 2 கேபிக்குள் சுருக்க முடிந்தால் ரேமிலேயே மடித்து வைக்கும். டிஸ்கைவிட எவ்வளவோ வேகம். இதை நீங்கள் தொட வேண்டியதில்லை.

கடைசி வழி ஹோஸ்டே டிஸ்கில் ஸ்வாப் செய்வது. கெஸ்டை ஒன்றும் கேட்காமல், கையில் கிடைத்த பக்கத்தை எடுத்து டிஸ்கில் தள்ளும். அது கெஸ்ட் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பக்கமாக இருக்கலாம், தரவுத்தளத்தின் இண்டெக்ஸாகவும் இருக்கலாம். கெஸ்டும் அதே நேரத்தில் ரேம் போதாமல் தன் பங்குக்கு ஸ்வாப் செய்ய ஆரம்பித்தால் கூத்துதான். ஹோஸ்ட் ஏற்கனவே டிஸ்குக்கு அனுப்பிய பக்கத்தையே கெஸ்ட் டிஸ்குக்கு அனுப்ப நினைக்கும். அதற்காக அந்தப் பக்கத்தை முதலில் டிஸ்கிலிருந்து ரேமுக்குக் கொண்டுவந்து, பிறகு மறுபடி டிஸ்கில் எழுத வேண்டும். சம்பள நாளில் மவுஸ் கூட நகராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஸ்வாப்பும் தீர்ந்துபோனால் லினக்ஸ் ஹோஸ்ட் ஒரு புரோசஸைக் கொன்று இடம் பிடிக்கும். கேவிஎம்மில் ஒரு விஎம் என்பது ஒரு புரோசஸ். அதிக ரேம் வைத்திருப்பதைத்தான் அது தேர்ந்தெடுக்கும், அது அநேகமாக உங்கள் கணக்கு சர்வராகத்தான் இருக்கும். யாரும் அணைக்காமலே ஒரு விஎம் அணைந்து கிடந்தால் அதற்குள் காரணம் தேடாதீர்கள். ஹோஸ்டின் பதிவில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரியும் பக்கத்தில் கேவிஎம் என்ற பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த அலுவலகத்தின் கணக்கு

64 ஜிபியும் விஎம்களுக்கு இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸுக்கும் அதன் லினக்ஸுக்கும் 2 ஜிபி ஒதுக்குங்கள். டிஸ்கில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை இருந்தால் அது ரேமில் ஏஆர்சி என்ற கேஷ் வைத்துக்கொள்ளும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவினால் இது மொத்த ரேமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி. நமக்கு 6 ஜிபி சொச்சம். அதற்கு முந்தைய நிறுவல் என்றால் பாதி ரேம் வரை போகும், கட்டாயம் பார்த்துக் குறைத்துவிடுங்கள். விஎம் ஒவ்வொன்றையும் ஓட்டும் புரோசஸுக்கும் சில நூறு எம்பி மேல்செலவு உண்டு, ஏழுக்கும் சேர்த்து 2 ஜிபி வைப்போம். 64-இல் 10 போனால் கையில் இருப்பது 54. அப்படியானால் உண்மையான பற்றாக்குறை நாம் முதலில் நினைத்த 4 இல்லை, 14 ஜிபி.

ஒதுக்கியிருப்பது இப்படி: கணக்கு, சம்பள மென்பொருளும் எஸ்கியூஎல் தரவுத்தளமும் ஓடும் விண்டோஸ் 16. கோப்பு சர்வர் 8. இணையதளமும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளமும் ஓடும் லினக்ஸ் 8. ஊழியர்களின் உள்நுழைவைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் 4. ஊழியர்கள் ரிமோட்டில் நுழையும் எந்திரங்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 12. சோதனை எந்திரம் 8.

தரவுத்தளம் இருக்கும் இரண்டையும் தொடாதீர்கள். தரவுத்தளம் தன் கையிலுள்ள ரேமை நம்பித் திட்டம் போடுகிறது, பாதியில் பிடுங்கினால் அதன் கேஷ் டிஸ்குக்குப் போய் டிஸ்கைத் தவிர்ப்பதற்காக இருந்த கேஷே டிஸ்கில் உட்கார்ந்திருக்கும். ஜாவா சர்வர்களும் இந்த வகைதான், வேண்டாத தரவை அகற்றும் குப்பை சேகரிப்பு ஓடும்போது, தரவு இருக்கும் ஹீப் என்ற ரேம் பகுதி முழுவதையும் ஒரு சுற்றுத் தொட்டு வரும். எஸ்கியூஎல் சர்வரில் ‘மேக்ஸ் சர்வர் மெமரி’யையும் 16-க்குக் கீழே, 11 அல்லது 12 ஜிபி என்று வையுங்கள். இல்லாவிட்டால் அது விண்டோஸையே நெருக்கும். ஜிபியூ கார்டையோ வேறு பிசிஐ கார்டையோ நேரடியாக ஒரு விஎம்முக்குக் கொடுத்திருந்தால் அதன் ரேம் முழுதும் பூட்டப்பட்டுவிடும், அங்கே பலூன் வேலைக்காகாது.

விட்டுக்கொடுக்கக் கூடியவை ரிமோட் எந்திரங்களும் சோதனை எந்திரமும், கொஞ்சம் கோப்பு சர்வரும். ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம்மைத் தேர்ந்து, ஹார்ட்வேர், மெமரி, எடிட் என்று போனால் ‘மெமரி’, ‘மினிமம் மெமரி’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அளவு எம்ஐபியில், ஒரு ஜிபிக்கு 1024, எனவே 12 ஜிபி என்றால் 12288. ரிமோட் எந்திரங்களுக்கு மினிமம் 8192, சோதனைக்கு 2048, கோப்பு சர்வருக்கு 6144. மற்றவற்றில் இரண்டு கட்டத்திலும் ஒரே எண். இப்போது மினிமங்களைக் கூட்டுங்கள்: 16, 6, 8, 4, 16, 2. மொத்தம் 52. கையிலுள்ள 54-க்குள் அடங்கி 2 ஜிபி மிஞ்சுகிறது. மினிமங்களின் கூட்டல் கையிருப்பைத் தாண்டினால் அந்த அமைப்பு என்றாவது ஒரு நாள் ஸ்வாப்பில்தான் போய் நிற்கும்.

மினிமம் கட்டத்தில் நினைத்த எண்ணைப் போடக்கூடாது. ஹோஸ்டின் பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டினால் ப்ராக்ஸ்மாக்ஸ் பலூனை ஊத ஆரம்பிக்கும், நமது பெட்டியில் அது 51 ஜிபி. இசட்எஃப்எஸ் கேஷும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால் கோடு சீக்கிரமே வந்துவிடும். நெரிசலான நாளில் எல்லோரும் மினிமத்திலேயே ஓடப் போகிறார்கள் என்று நினைத்துப் போடுங்கள். விண்டோஸ் கெஸ்டில், கேவிஎம் கெஸ்டுகளுக்கான விர்ட்ஐஓ டிரைவர் தொகுப்பும் அதன் பலூன் சேவையும் நிறுவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மினிமம் என்ற எண் வெறும் அலங்காரம்.

விஎம்வேரில் இதே வேலைக்கு ரிசர்வேஷன், ஷேர்ஸ், லிமிட் என்று மூன்று. ரிசர்வேஷன் கட்டாயம் கொடுக்கும் அளவு, ஷேர்ஸ் நெருக்கடியில் யாருக்கு முன்னுரிமை என்பது. லிமிட்டை மட்டும் கைவைக்காமல் விடுங்கள். ஒரு காலத்தில் 4 ஜிபி லிமிட் போட்ட விஎம்முக்குப் பின்னாளில் 16 ஜிபி கொடுத்திருப்பார்கள், லிமிட்டை எடுக்க மறந்திருப்பார்கள். கெஸ்ட் 16 இருப்பதாக நம்பும், ஹோஸ்டோ 4-க்கு மேல் தராது. ஹோஸ்டில் 100 ஜிபி சும்மா கிடந்தாலும் அந்த விஎம் மட்டும் ஸ்வாப்பில் தவிக்கும். பெட்டியில் ரேம் நிறைய இருந்தும் ஒரே ஒரு விஎம் மட்டும் தடுமாறினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒரு வாரம் அளந்தால் போதாது

எண்ணைத் தீர்மானிக்கும் முன் அளக்க வேண்டும். லினக்ஸ் கெஸ்டில் ‘ஃப்ரீ’ கட்டளை காட்டும் ‘ஃப்ரீ’ நெடுவரிசையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கேஷ் நிரம்பியிருப்பதால் அது எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். ‘அவைலபிள்’ நெடுவரிசைதான் உண்மை. அது மொத்தத்தில் 15, 20 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் அந்த விஎம் நலம். எப்போதும் பாதிக்கு மேல் இருந்தால் அளவுக்கு அதிகமாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஹோஸ்டில் விஎம்ஸ்டாட் என்ற கட்டளையை ஓடவிட்டு எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது), எஸ்ஓ (ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) என்ற இரண்டு நெடுவரிசைகளைக் கவனியுங்கள். ஸ்வாப்பில் கொஞ்சம் கிடப்பது பிரச்சினை இல்லை, அந்த இரண்டும் தொடர்ந்து பூஜ்ஜியத்துக்கு மேல் ஓடினால்தான் பிரச்சினை.

நம் ஊர் அலுவலகத்துக்கு ஒரு முழு மாதமாவது அளக்க வேண்டும். மாதக் கடைசியில் சம்பளம், மாதம் பிறந்து ஏழு நாளுக்குள் ஒருங்கிணைந்த இ-இன்வாய்ஸ், 15-ஆம் தேதிக்குள் ஊழியர் சேமநிதி வாரியத்துக்கான சந்தா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு உச்சம் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் வருமான வரிக்கான இஏ, இ பாரங்கள் தயாரிக்கும் வாரங்கள் வேறு. லெபோ அம்பாங்கிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ உள்ள துணிக்கடைக்கு விற்பனை மென்பொருள் நடத்துகிறீர்கள் என்றால், தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தைப் பார்க்காமல் எந்த எண்ணையும் குறைக்காதீர்கள்.

இன்னொன்று, மின்தடை. கிள்ளான் பள்ளத்தாக்கின் சாயங்கால இடிமழைக்கு யுபிஎஸ் தாங்காமல் சர்வர் அணைந்து, கரண்டு வந்ததும் ஏழு விஎம்மும் ஒரே நேரத்தில் எழுகின்றன. விண்டோஸ் கெஸ்ட் ஒவ்வொன்றும் ரேம் முழுவதையும் துடைக்கும், பலூன் டிரைவர் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, எனவே ஹோஸ்டால் எதையும் திரும்ப வாங்க முடியாது. நாள் முழுக்க நன்றாக ஓடும் பெட்டி இந்த ஐந்து நிமிடத்தில் விழும். மருந்து எளிது: ஒவ்வொரு விஎம்மின் ஆப்ஷன்ஸ் பக்கத்திலும் தொடக்க வரிசையும் தாமதமும் போடுங்கள். டொமைன் கன்ட்ரோலர் முதலில், 120 வினாடி விட்டுத் தரவுத்தளம், பிறகு கோப்பு சர்வர், கடைசியில் ரிமோட் எந்திரங்கள். சோதனை எந்திரம் தானாக எழவே வேண்டாம்.

சர்வர் உங்களுடையது இல்லையென்றால்

வாடகை விபிஎஸ்ஸில், அதாவது வேறொருவர் சர்வரில் வாடகைக்கு எடுத்த விஎம்மில், ஹோஸ்டைப் பார்க்க முடியாது. அமேசான் இசி2-வில் ரேமை ஓவர்கமிட் செய்வதில்லை, சலுகை விலை டி வகை எந்திரங்களில் பங்கு போடுவது சிபியூவை மட்டும்தான். மலிவு விபிஎஸ்களில் அப்படி உறுதி இல்லை, வாங்கும் முன் ‘ரேம் முழுதும் எனக்கே ஒதுக்கப்பட்டதா’ என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்கனவே வாங்கியாகிவிட்டது என்றால், மொத்த ரேமை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவுசெய்யும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். அந்த எண் ஏறி இறங்கினால் பலூன். மொத்தம் மாறவில்லை, ‘அவைலபிள்’ தாராளமாக இருக்கிறது, உங்கள் எஸ்ஐயும் எஸ்ஓவும் பூஜ்ஜியம், சிபியூவும் சும்மா இருக்கிறது, ஆனாலும் சில வினாடி எல்லாமே நின்று நின்று போகிறது என்றால் ஹோஸ்ட் ஸ்வாப் செய்கிறது என்று சந்தேகப்படலாம். நேரம் குறித்த அந்தப் பதிவை இணைத்துப் புகார் அனுப்பி, வேறு ஹோஸ்டுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.